இரண்டு இயந்திரமும் நடுவில் ஒரு மரக்கட்டையும்

போன வாரம் பிரவின் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் இடம் மாற்றித் தரும் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தேன். அங்கே இப்போது குழுத்தலைவனாக இருப்பவன் அவன்.

"அண்ணே, நாளைக்கு ரெண்டு மெஷின ஒன்னாச் சேத்துத் தள்ளணும். புது ஃபாரத்துல தரையோட உராய்வு எவ்வளவுன்னு ஒரு கட்டம் இருக்கு. சும்மா ஒரு நம்பர் சொல்லுங்கண்ணே. ஆபீஸ்ல அஞ்சு மணிக்குள்ள கேக்கறாங்க."

சும்மா ஒரு நம்பர். எனக்கு வந்த எரிச்சலில் கையிலிருந்த கோப்பி பாதி சட்டைக்குப் போனது. அந்த ஃபாரத்தை நான் பார்த்திருக்கிறேன். இருபத்து மூன்று கட்டங்கள், ஆறு கையெழுத்து. தொப்பியின் நிறம் என்ன, மழை வருமா, எல்லாம் கேட்கிறது. கையெழுத்துப் போடும் ஆறு பேரில் ஒருவராவது தரையைப் பார்த்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. முதல் நாளே குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நிரப்பி விடுகிறார்கள். அந்தத் தரைக்கு இந்த ஆறு பேரையும் தெரியாது.

பிரவினுக்கு மூன்று முறை பதில் பேசிப் பதிவு செய்தேன். மூன்றிலும் வசைதான் முன்னால் வந்தது. ஆகவே எழுதுகிறேன். நான் பெரிய நிபுணன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் இரண்டும் மறுத்துவிட்டதால் ஐம்பத்தாறு வயதில் வீட்டுக்கு வந்தவன். ஆபத்து வந்த நேரத்தில் கத்த வேண்டிய ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு ஒரு காய்கறியின் பெயரைக் கத்தியவன் இந்தத் தொழிலில் நான் ஒருவன்தான். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தேன். செம்பனை எண்ணெய் ஆலையில் கொஞ்ச நாள் மாரடித்தேன். பிறகு இந்தக் கம்பெனி. பயிற்சி என்பது ஒரு ஜோடி கையுறையும் "பாத்துச் செய்லா" என்ற இரண்டு சொல்லும்தான்.

தஞ்சோங் டாவாய் மீன் துறையில் ஒரு ஐஸ் அறைக்குப் பெரிய உறைபெட்டியைத் தள்ளப் போனதுதான் எனக்கு முதல் பாடம். பெட்டி அசையவே இல்லை. தோளைக் கொடுத்தேன், முதுகைக் கொடுத்தேன், கடைசியில் தலையையும் கொடுத்தேன். அசையாத பொருளைக் கிளப்புவதற்கு ஒரு பலம் வேண்டும், கிளம்பிய பிறகு அதை ஓட்டுவதற்கு அதைவிடக் குறைந்த பலம் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெட்டி திடீரென்று கிளம்பியது. நான் கிளம்பவில்லை. என் பலம் மட்டும் முன்னால் போக, நான் மீன் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

இப்படி விழுந்து எழுந்து இருபது வருடம் ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் மிஸ் ரெஜினா வந்தார்.

எங்களுக்கு மேற்பார்வையாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பீடோங் பக்கத்துத் தோட்டத்துப் பெண், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், பொலிடெக்னிக்கில் படித்தவர். எங்களை அண்ணே என்பார். நாங்கள் மிஸ் என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றைச் செய்யப் போகும்போது பக்கத்தில் வந்து நின்று "ஏன்?" என்பார். பதில் சொன்னால் அதற்கும் "ஏன்?" மூன்றாவது "ஏன்"-இல் நமக்கே நாம் செய்வது எதற்கு என்று மறந்துவிடும். வாயில் எப்போதும் கச்சான் கடலை மென்றுகொண்டிருப்பார். தோலை மட்டும் கீழே போட மாட்டார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். தரையில் ஒரு தோல் கிடந்தால்கூட அன்றைக்கு வேலை தொடங்காது.

அவரிடம் ஒரு தராசு இருந்தது. தோட்டத்தில் ஒட்டுப்பால் மூட்டையைக் கொக்கியில் மாட்டி நிறுப்பார்களே, வட்ட முகமும் முள்ளும் உள்ள இரும்புத் தராசு, அதுதான். அவருடைய அப்பா மூட்டை நிறுக்க வைத்திருந்தது. மிஸ் அதைப் படுக்கப் போட்டார். எந்த இயந்திரத்தையும் தள்ளுவதற்கு முன், அதன் அடியில் கொக்கியை மாட்டி, தராசின் மறுமுனையில் செயின் பிளாக் என்ற சங்கிலி இழுவையைக் கோத்து மெதுவாக இழுக்கச் சொல்வார். இயந்திரம் கிளம்பும் நொடியில் முள் எங்கே நின்றது, ஓடும்போது எங்கே நிற்கிறது, இரண்டு எண்களையும் சாக்கட்டியால் இயந்திரத்தின் மீதே எழுதுவார். எந்தத் தரையில் தள்ளப் போகிறோமோ அந்தத் தரையில்தான் இழுக்க வேண்டும். அங்கே இழுத்த எண்ணை இங்கே கொண்டுவந்தால் சாக்கட்டியை அழித்துவிடுவார்.

இரண்டை ஒன்றாகத் தள்ள வேண்டி வந்தால் இன்னும் மோசம். எது முன்னால் போவது என்று ஒரு தடவை எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம்.

"லேசா போறத முன்னாடி விடுவோம் மிஸ். அது பாட்டுக்குப் போகும்."

"அது பாட்டுக்குப் போனா யாரு நிறுத்துறது?"

"நாங்கதான்."

"எப்படி?"

நான் இரண்டு கையையும் நீட்டித் தடுத்துக் காட்டினேன்.

"சண்டித்தனம் பண்றது முன்னாடி போகட்டும் அண்ணே. நாம தள்ளுறத நிறுத்தினா அதுவும் உடனே நிக்கும். பின்னாடி உள்ளது அதை முட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஒட்டி இருக்கிற வரைக்கும்தான் அது நம்ம கையில."

ஒட்டி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு அடி நீள ரப்பர் மரக்கட்டை. இரண்டு இயந்திரத்துக்கும் நடுவில் அதை வெறுமனே நிறுத்த வேண்டும். ஆணி கிடையாது, கயிறு கிடையாது. பின்னால் உள்ளது தள்ளுகிற பலமும் முன்னால் உள்ளது முரண்டு பிடிக்கிற பலமும் சேர்ந்து கட்டையை இறுக்கிப் பிடிக்கும். கட்டை நிற்கிற வரை எல்லாம் சரி. கட்டை விழுந்தால் முன்னால் உள்ளது தனியாக ஓடுகிறது என்று பொருள். கட்டையைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள். வேறு வேலை அவனுக்கில்லை. கட்டை தளர்ந்தால் "நில்" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வேலை எனக்கு வந்தது. வயதில் மூத்தவன் என்பதால் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நெளியாமல் பத்து நிமிடம் ஒரே கட்டையை உற்றுப் பார்ப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, பூசணிக்காய்க்கு வருகிறேன்.

சுங்கைப்பட்டாணியில் கடை வீட்டில் மிளகாய்த்தூள், மசாலைத்தூள் அரைத்துக்கொண்டிருந்த ஒரு முதலாளி, சுங்கை லாலாங் பக்கம் புதுக் கொட்டகை கட்டி இடம் மாறினார். எங்களுக்கு இரண்டு இயந்திரம். மல்லி, மிளகாய் வறுக்கிற பெரிய வறுவை இயந்திரம் ஒன்று, அரவை இயந்திரம் ஒன்று. கொட்டகை வாசலிலிருந்து உள்ளே முப்பதடி நீளத்துக்கு ஒரு குறுகிய நடை. தரை லேசாக உள்பக்கம் சரிந்து, கடைசிப் பத்தடி சமமாகி, சுவரில் முடியும். கூரை தாழ்வு. ஃபோர்க்லிஃப்ட் வாசலைத் தாண்டாது. ஆகவே வறுவையை முன்னால் விட்டு, அரவையைப் பின்னால் வைத்து, ஃபோர்க்லிஃப்டின் முனையில் ஒரு நீளமான மரச் சட்டத்தைக் கொடுத்து, இரண்டையும் ரயில் மாதிரி உள்ளே தள்ளுவது என்று முடிவு. சக்கரப் பலகை வைத்தால் கூரையில் இடிக்கும். எனவே இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் நைலான் பலகைகள், சறுக்கித்தான் போக வேண்டும்.

காலையில் மிஸ் இரண்டையும் அந்தச் சரிவிலேயே இழுத்துப் பார்த்தார். வறுவை கிளம்ப இருநூற்று இருபது கிலோ, ஓட நூற்று எழுபது. அரவை கிளம்ப நூற்று முப்பது, ஓட நூறு. சண்டி முன்னால் போவது உறுதியானது. சரிவாக இருந்தாலும் தள்ளாமல் அது நகராது. அதுதான் எங்கள் உயிர்.

ஆள் பங்கீடு இப்படி. ஃபோர்க்லிஃப்டில் பாங் மாட், மலாய்க்காரர், பொறுமைசாலி. கட்டைக்கு நான். வறுவைக்கு முன்னால், கடப்பாரையோடு திசை பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடப்பது சேகரன். அவனும் நானும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான். அவனுக்கு முன்னால் ஆயிரத்துச் சொச்சம் கிலோ இரும்பு, பின்னால் சுவர்.

பசியாறிவிட்டு வந்தோம். மிஸ் அடுத்த வேலை விஷயமாகத் தொலைபேசியில் பேச வெளியே போனார். அந்த நேரம் பார்த்து முதலாளி சூடமும் குங்குமம் அப்பிய பூசணிக்காயும் கொண்டுவந்தார்.

"பத்தரையோட நல்ல நேரம் முடியுதுப்பா. புது எடம். ஒடச்சிட்டுத் தள்ளுங்க."

இதில் எங்களுக்கு ஆட்சேபணை என்ன இருக்கிறது? நாங்கள் புது லோரிக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் சாவி திருப்பாதவர்கள். ஒரே ஒரு யோசனைதான்.

"மிஸ்கிட்ட சொல்லணுமா?" என்றான் சேகரன்.

"வேணாம்லா. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க. முன்னாடி நிக்கச் சொன்னாலும் சங்கடம், போகச் சொன்னாலும் சங்கடம். வர்றதுக்குள்ள முடிச்சிருவோம்."

என் நாகரிகத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. சேகரன் நடையின் சரிவில் நின்று, மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கி ஒரே போடாகப் போட்டான். நல்ல முற்றிய காய், சதையும் சாறும் நாலு பக்கமும் தெறித்தது. துண்டுகளைக் கூடையில் பொறுக்கினோம். ஒரு வாளித் தண்ணீர் விட்டேன். சாக்கால் துடைத்தேன். தரை பளபளவென்று ஆனது. பளபளப்பாக இருந்தால் சுத்தம் என்பதுதான் எங்கள் கணக்கு.

மிஸ் திரும்பி வந்தார். நடையை ஒரு பார்வை பார்த்தார்.

"தரையில ஏதாச்சும் செஞ்சீங்களா அண்ணே?"

"ஒன்னுமில்ல மிஸ். கூட்டி விட்டோம்."

பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. மரியாதை என்றே தோன்றியது. வழக்கமாகத் தள்ளும் முன் இன்னொரு தடவை தராசு மாட்டுவார். அன்றைக்கு முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மிஸ் தராசை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார்.

பாங் மாட் மெதுவாக அழுத்தினார். அரவை முனகியது, வறுவை கிறீச்சிட்டது, கட்டை நச்சென்று இறுகியது. ஐந்தடி, எட்டடி, பத்தடி. நான் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கட்டை, ஒரு பக்கம் முடிச்சு, முடிச்சுக்குக் கீழே எறும்பு ஒன்று. எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டை விழுந்தது.

இரண்டு இயந்திரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. விரல் அளவு, பிறகு கை அளவு. வறுவை தானாகப் போய்க்கொண்டிருந்தது. கிறீச் சத்தம் நின்றிருந்தது. 

நான் செய்ய வேண்டியது "நில்" என்று கத்துவது. அதற்காகத்தான் சம்பளம். நான் முதலில் செய்தது, குனிந்து கட்டையை எடுத்து மறுபடியும் நடுவில் வைக்கப் பார்த்தது. ஏதோ கட்டை விழுந்ததுதான் தவறு, அதை யாரும் பார்ப்பதற்குள் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதுபோல. இரண்டாவதாகச் செய்தது வாயைத் திறந்தது. அதிலிருந்து வந்த சொல் இது:

"பூசணி!"

பாங் மாட் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "லாபு? மானா லாபு?" பூசணிக்காயா, எங்கே பூசணிக்காய் என்று நிஜமாகவே தேடினார். மிஸ் என்னைப் பார்த்தார். முதலாளி கூடையைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்குப் பொருள் புரிந்தவன் அங்கே ஒருவன்தான், அதை உடைத்தவன். சேகரன் அரை நொடி தரையைப் பார்த்தான். கடப்பாரையைப் போட்டான். ஓரமாக அடுக்கியிருந்த மிளகாய்த்தூள் மூட்டைகள் மேல் அப்படியே பாய்ந்தான். வறுவை அவனைத் தாண்டிச் சறுக்கிப் போனது.

உள்ளே சிவப்பாகப் புகை மாதிரி கிளம்பியது. ஒன்றும் தெரியவில்லை. டொங் என்று ஒரு சத்தம். அப்புறம் தும்மல். ஒன்று, இரண்டு, மூன்று. என் வாழ்நாளில் யார் தும்மலையும் நான் அப்படிக் கும்பிட்டுக் கேட்டதில்லை.

வறுவை சம தரைக்குப் போய், காய்ந்த சிமெண்டில் முரண்டு பிடித்து நின்றிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் சேகரனின் கடப்பாரை குறுக்கே மாட்டி, முழங்கால் மாதிரி மடங்கியிருந்தது.

சேகரன் இறங்கி வந்தான். கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் மிளகாய். கடப்பாரையைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் ஒடச்சேன் மிஸ்," என்றான்.

"நான்தான் மறைச்சேன்," என்றேன் நான். 

மிஸ் திட்டவில்லை. அதுதான் கொடுமை. ஒரு நைலான் பலகையைப் போட்டு, எட்டு மூட்டையை ஏற்றச் சொன்னார். தராசை மாட்டினார். "இழுங்க அண்ணே. முள்ள சத்தமா படிங்க," என்றார். சரிவின் காய்ந்த பகுதியில் முப்பது என்று படித்தேன். முதலாளியும் கேட்டார். பிறகு நான் பளபளப்பாக்கிய இடத்தில் பலகை ஏறியது. முள் இறங்கியது, இறங்கியது, சைபரில் நின்றது. நான் இழுப்பதை நிறுத்தினேன். முள் அசையவில்லை. மூட்டைகள்தான் அசைந்தன. மெதுவாக, தாமாகவே, என்னைப் பார்த்து வந்தன.

"எவ்வளவு?"

"சைபர் மிஸ்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு..."

"எங்கப்பா லோரிக்கு வருசா வருசம் எலுமிச்சம்பழம் வெச்சாரு. முன்னாடி சிலுவை தொங்கும், கீழ பழம் இருக்கும்." கச்சான் தோல் இருந்த பைக்குள் கையை விட்டு, ஒன்றும் எடுக்காமல் கையை வெளியே எடுத்தார். "ஒடச்சதுக்கு நான் ஒன்னும் சொல்லல அண்ணே. நான் கேட்டேன்ல? தரையில ஏதாச்சும் செஞ்சீங்களான்னு. அப்ப சொல்லியிருந்தா, காஞ்ச துணி, கொஞ்சம் மரத்தூள், அரை மணி நேரம். அவ்வளவுதான்."

அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு ஆளின் இரண்டு காலை விலையாக வைத்திருந்தேன். அதை அவர் சொல்லவில்லை. நான்தான் கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுதிய அறிக்கையைப் பின்னால் ஆபீசில் படிக்கக் கொடுத்தார்கள். என் பெயர் இரண்டாவது வரியில்தான் இருந்தது. முதல் வரி: தள்ளுவதற்கு முன் இன்னொரு முறை இழுத்துப் பார்க்காதது என் தவறு, கீழே ரெஜினாவின் கையெழுத்து. எனக்கு இரண்டு வாரம் வேலையிலிருந்து இடைநீக்கம். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன், சொல்லவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு வேலை பாதியில் நின்றது. வறுவை இன்னும் சுவரை ஒட்டி, இடது மூலைக்குப் போக வேண்டும். அது கோணிக்கொண்டு நின்றதால், இரண்டையும் சங்கிலி போட்டு வாசல் வரைக்கும் பின்னுக்கு இழுத்து, மறுபடியும் முதலிலிருந்து தள்ள வேண்டும். மிஸ் ஆட்களை மாற்றினார்.

"சேகரண்ணே, நீங்க கட்டையப் பாருங்க. மணியண்ணே, நீங்க முன்னாடி."

நான் முன்னால். சேகரன் நின்ற இடத்தில். எனக்கு உடனே வயிற்று வலி, தலைச்சுற்றல், மூட்டு வலி எல்லாம் வந்தது. ஒன்றையும் வெளியே சொல்ல முடியவில்லை. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு முட்டி போட்டேன். முப்பதடி நடையையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். மரத்தூள் தூவி, கூட்டி, மறுபடியும் தடவினேன். ஒரு பூசணி விதை சுவரோரம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதலாளி "நல்ல நேரம் எப்பவோ போச்சேப்பா" என்று புலம்பினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மிஸ் தராசை மாட்டினார், சரிவு நெடுக இழுத்தார். கிளம்ப இருநூற்றுப் பதினைந்து. ஓட நூற்று எழுபது. சாக்கட்டியால் எழுதினார்.

பாங் மாட் அழுத்தினார். கிறீச்சென்று வறுவை என்னை நோக்கி வந்தது. அந்தச் சத்தம் எனக்குச் சங்கீதமாக இருந்தது. மூன்றடி போயிருக்கும்.

"நில்," என்றான் சேகரன்.

ஃபோர்க்லிஃப்ட் நின்றது. வறுவை நின்றது. என் நெஞ்சும் நின்றது. சேகரன் குனிந்து கட்டையைப் பார்த்தான், தட்டினான். "ம்."

மறுபடியும் இரண்டடி. "நில்." தட்டினான். "ம்." ஈரமாக இருந்த இடத்துக்கு வந்தபோது அடிக்கு ஒரு "நில்". ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன், மூட்டைகள் எவ்வளவு தூரம் என்று அளந்தேன், என் முழங்கால் எவ்வளவு உயரம் குதிக்கும் என்று யோசித்தேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. பத்தாவது "நில்"-இல் பாங் மாட் கொட்டாவி விட்டார். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மிஸ் கச்சான் மென்றுகொண்டிருந்தார்.

பதினோராவது தடவை என்னால் முடியவில்லை.

"டேய், கட்டை இறுக்கமா இருக்கா இல்லையா?"

"இறுக்கமாத்தான் இருக்கு."

"ஒரு தடவையாச்சும் தளந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா நிறுத்திக்கிட்டே இருக்க?"

சேகரன் கட்டையிலிருந்து கண்ணை எடுத்து, வறுவையின் ஓரமாக எட்டி, கட்டை விழுந்த பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்தான்.

"அங்க நிக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும்னு தோணிச்சு."

பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு "ம்" என்று குனிந்து மறுபடியும் கட்டையைப் பார்க்க ஆரம்பித்தான். நான் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தேன்.